எஃகை வெட்டும் வேகம்

எஃகை எஃகால் வெட்ட முடியும் என்பதே யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் விசித்திரமான சங்கதி. கத்தரிக்காயைக் கத்தி வெட்டுகிறது. கத்தி கடினம், காய் மெது, கதை முடிந்தது. இரும்பை இரும்பு வெட்டும்போது அந்தச் சலுகை கிடையாது. வெட்டும் கருவி வெட்டப்படும் துண்டைவிடக் கொஞ்சம்தான் கடினம். அந்தக் கொஞ்சத்தையும் வெப்பம் தின்றுவிடும். லேத்திலோ மில்லிங் மெஷினிலோ வெட்டுவதற்குச் செலவாகும் சக்தி கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகத்தான் மாறுகிறது. அந்த வெப்பம் போவதற்கு மூன்றே இடங்கள்: சுருண்டு வெளியே விழும் சிப், வெட்டப்படும் ஜாப், வெட்டுகிற டூல். டூலுக்குள் போனால் டூல் மென்மையாகி மழுங்கும். வேகம் கூடக் கூட வெப்பமும் கூடும். ஆக, எஃகை எவ்வளவு வேகமாக வெட்டலாம் என்பது, பிறக்கும் வெப்பத்தை எந்தப் பக்கம் அனுப்புவது என்கிற கேள்விதான்.

இதற்கு இருநூறு வருஷங்களில் பல பதில்கள் கிடைத்திருக்கின்றன. ஒவ்வொரு பதில் கிடைத்தபோதும் கூடவே இன்னொரு கேள்வி முளைத்தது. இனி இந்த அறிவு யார் கையில் இருக்கும்? கொல்லரிடமா, காப்புரிமைக்காரரிடமா, மேனேஜரிடமா, மென்பொருளிடமா? நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு மென்பொருளுக்குப் போன ஆயிரக்கணக்கான பேரில் ஒருவன். அதனால் எனக்கு இந்த இரண்டாவது கேள்விதான் அதிகம் உறுத்துகிறது.

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில், அரியாங்குப்பம் தாண்டி, சுண்ணாம்பாற்றுப் பாலத்தையும் தாண்டினால் தவளக்குப்பம். என்னோடு கல்லூரியில் படித்த நண்பன் அங்கே ஒரு சின்ன ஷாப் வைத்திருக்கிறான். இரண்டு வி.எம்.சி. மெஷின், ஒரு பழைய லேத், ஒரு ட்ரில்லிங் மெஷின். மோல்டுக்கான பாகங்கள், ஃபிக்ஸ்சர் பிளேட்டுகள் என்று ஜாப் ஒர்க். இந்தக் கட்டுரை அந்த ஷாப்பைப் பற்றியதல்ல. ஆனால் அங்கே நின்று வடக்கே பார்த்தால் ஐந்தாறு கிலோமீட்டரில் அரிக்கமேடு. தெற்கே கடலூர் தாண்டிப் போனால் பரங்கிப்பேட்டை. கடினமான பொருளை வெட்டும் வரலாற்றில் இந்த இரண்டு ஊர்களுக்கும் பங்கு உண்டு என்பது, அந்த ஷாப் வாசலில் டீ குடிக்கிற யாருக்கும் ஞாபகம் வரும் விஷயமில்லை.

*

அரிக்கமேட்டை நாம் ரோமானிய மதுச்சாடிகளுக்காகத்தான் அதிகம் பேசுகிறோம். 1945இல் மார்டிமர் வீலர் தோண்டியது அதற்காகத்தான். ஆனால் அந்த ஊர் வாழ்ந்தது மணி செய்து. கண்ணாடி மணிகள், கூடவே அகேட், கார்னீலியன், படிகம், செவ்வந்திக்கல் என்று கல்மணிகள். பாதி வேலை முடிந்த மணிகளும் கழிவுச் சில்லுகளும் அங்கே கிடைத்திருக்கின்றன. இந்தக் கற்களெல்லாம் குவார்ட்ஸ் குடும்பம். அன்றைக்குக் கிடைத்த இரும்பைவிடக் கடினம். அதில் நூல் நுழையும் அளவுக்கு எப்படித் துளை போட்டார்கள்?

1980களில் கோரெலிக், க்வின்னெட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் பழங்கால மணிகளின் துளைக்குள் சிலிகானை ஊற்றி அச்சு எடுத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். இருவரும் பல் மருத்துவத் துறைக்காரர்கள். துளை போடுவது அவர்களுக்குத் தொழில். இலங்கை மாந்தையில் கிடைத்த மணிகளின் துளைச் சுவரில் சீரான, ஆழமான சுழல் கோடுகள் இருந்தன. மணலோ குருந்தப் பொடியோ வைத்துத் தேய்த்தால் அப்படி வராது. கம்பியின் நுனியில் பதித்த வைரத் துணுக்குதான் அப்படிக் கோடு போடும். குஜராத்தின் கம்பாத்தில் இன்றும் மணிக்காரர்கள் வைரம் பதித்த கம்பியை வில்லால் சுழற்றித்தான் துளை போடுகிறார்கள்.

வெட்டும் முனை மட்டும் கடினமாக இருந்தால் போதும், தண்டு சாதாரணமாக இருக்கலாம் என்ற யோசனை அதில் இருக்கிறது. அதே யோசனை வைரத்தின் பெயரிலேயே இருபதாம் நூற்றாண்டில் திரும்பி வரும். அதற்கு முன் தெற்கே போக வேண்டும்.

*

சேலம், கோயம்புத்தூர் பக்கத்து மலையடிவாரங்களில் உருக்கு காய்ச்சிய விதத்தை வெள்ளைக்காரப் பயணிகள் விவரமாக எழுதி வைத்திருக்கிறார்கள். சின்ன மண்குகையில் இரும்புத் துண்டுகளைப் போட்டு, ஆவாரங் குச்சிகளைப் பொடித்துச் சேர்த்து, மேலே எருக்கிலையை வைத்து, வாயைக் களிமண்ணால் பூசி, அடுக்கி, துருத்தி ஊதுவார்கள். குச்சியும் இலையும் கரியாகி, அந்தக் கார்பன் இரும்புக்குள் இறங்கும். சில மணி நேரத்தில் குகைக்குள் உருகிக் கட்டியாக நிற்பதுதான் உருக்கு. கன்னடத்தில் உக்கு. அது ஐரோப்பியர் வாயில் ‘ஊட்ஸ்’ ஆனது.

1790களில் பம்பாயிலிருந்து சில கட்டிகள் லண்டன் ராயல் சொசைட்டிக்குப் போயின. 1795இல் ஜார்ஜ் பியர்சன் அதை ஆராய்ந்து எழுதினார். கால் நூற்றாண்டு கழித்து, ஒரு கொல்லரின் மகன் அதைக் கையில் எடுத்தார்: மைக்கேல் ஃபாரடே. மின்சாரத்துக்கு வருவதற்கு முன் அவர் பார்த்த பெரிய வேலைகளில் இதுவும் ஒன்று. கத்தி செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டோடு சேர்ந்து, ஊட்ஸின் ரகசியம் என்ன என்று தேடினார். அதில் கலந்திருக்கும் அலுமினாவும் சிலிக்காவும்தான் காரணம் என்ற அவருடைய முடிவு தவறு. ஆனால் அந்தத் தவறு நல்ல இடத்துக்குக் கூட்டிப் போனது. வேறு உலோகங்களைக் கலந்தால் எஃகின் குணம் மாறும் என்றால், எதையெல்லாம் கலந்து பார்க்கலாம்? வெள்ளி, பிளாட்டினம், ரோடியம், குரோமியம் என்று கலந்து 1820, 1822இல் கட்டுரைகள் எழுதினார்கள். நூறு வருஷம் கழித்து ராபர்ட் ஹாட்ஃபீல்டு ராயல் இன்ஸ்டிடியூஷனில் கிடந்த ஃபாரடேயின் பெட்டியைத் திறந்தபோது உள்ளே 79 மாதிரித் துண்டுகள் இருந்தன. இன்றைய டூல் ஸ்டீல்களுக்கெல்லாம் முன்னோர் அந்தப் பெட்டிக்குள் இருந்தார்கள் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனால் ரொம்ப மிகையில்லை.

இந்தச் சூட்டில் வந்தவர்தான் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாண அதிகாரி. உத்தியோகத்தை விட்டுவிட்டு 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். தாது சேலத்திலிருந்து, எரிபொருள் காட்டுமரக் கரி. வெள்ளாற்று முகத்துவாரத்தில் ஐரோப்பிய பாணி ஊதுலைகள் நின்றன என்பதை இன்றைக்கு அந்த ஊரில் நின்று கற்பனை செய்வது கஷ்டம். ஆலை லாபம் பார்க்கவில்லை. கரி தீர்ந்தது, கடன் ஏறியது, 1860களில் மூச்சை நிறுத்தியது.

ஹீத்துக்கு உருக்கின் மேல் ஒரு பக்தியே இருந்தது. எகிப்தியர்கள் கருங்கல் தூபிகளில் சித்திர எழுத்து வெட்டியது இந்திய உருக்கு உளிகளால்தான் என்று எழுதினார். ஆதாரமில்லாத ஊகம். ஆனால் கேள்வியைக் கவனியுங்கள்: இவ்வளவு கடினமான கல்லை எந்தக் கருவி வெட்டியிருக்கும்? அவர் கண்ணில் உருக்கு என்பது முதலில் வாள் இல்லை, உளி.

1839இல் ஷெஃபீல்டில் அவர் எடுத்த காப்புரிமைதான் அவர் கதையின் சோகம். குகையில் எஃகு உருக்கும்போது கொஞ்சம் மாங்கனீஸ் கார்பைடு சேர்த்தால் மட்டமான இரும்பிலிருந்தும் நல்ல எஃகு வரும். ஷெஃபீல்டு எஃகின் விலையே இறங்கியது. ஆனால் அவருடைய ஏஜென்டாக இருந்த அன்வின் ஒரு விஷயத்தைக் கவனித்தார். மாங்கனீஸ் கார்பைடைத் தனியாகச் செய்து போட வேண்டியதில்லை. மாங்கனீஸ் ஆக்ஸைடையும் கரிப்பொருளையும் குகைக்குள் தனித்தனியாகப் போட்டாலே அது உள்ளேயே உண்டாகிவிடும். காப்புரிமையில் எழுதியிருப்பது வேறு, நான் செய்வது வேறு என்றார். வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. ஹீத் 1851இல் இறந்தார். 1855இல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது, அவருக்கு எதிராக. குகைக்குள் பொருளைப் போட்டு உள்ளேயே வினை நடக்கவிடுவது சேலத்துக் கொல்லர்களின் வழி. அதே வழியில் அன்வின் தப்பித்தார். அந்தக் கொல்லர்களுக்கு வழக்கும் இல்லை, காப்புரிமையும் இல்லை. மலிவான இறக்குமதி இரும்பு வந்தது, உலைகள் அணைந்தன.

*

1868இல் இங்கிலாந்தில் ராபர்ட் மஷெட் எஃகில் டங்ஸ்டன் கலந்தார். தண்ணீரில் முக்காமலே காற்றில் ஆறினாலே கெட்டியாகும் டூல் ஸ்டீல் அது. சாதாரணக் கார்பன் எஃகு இருநூறு, இருநூற்றைம்பது டிகிரியில் இளகிவிடும். இது இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்தது. இனி வரும் கதை முழுக்க டங்ஸ்டன்தான்.

ஃபிரடெரிக் வின்ஸ்லோ டெய்லர் பெயரை மேனேஜ்மென்ட் புத்தகத்தில் ஸ்டாப்வாட்சோடு பார்த்திருப்பீர்கள். அவர் வசதியான வீட்டுப் பையன். ஹார்வர்ட் நுழைவுத் தேர்வில் தேறிய பிறகு, பட்டறையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தவர். 1880இல் பிலடெல்பியாவின் மிட்வேல் ஸ்டீலில் அவர் ஒரு பரிசோதனை தொடங்கினார். சில மாதத்தில் முடியும் என்று நினைத்தது 26 வருஷம் ஓடியது. கிட்டத்தட்ட 360 டன் எஃகும் இரும்பும் வெறும் சிப்பாக வெட்டித் தள்ளப்பட்டன. ஒரே கேள்விக்காக: இந்த ஜாப்பை இந்த டூலால் என்ன வேகத்தில், என்ன ஃபீடில் வெட்ட வேண்டும்?

ஆரம்பத்திலேயே கிடைத்த ஒரு பதில் தண்ணீர். வெட்டும் இடத்தில் தாராளமாகத் தண்ணீரைப் பாய்ச்சினால் வேகத்தை 40 சதவீதம் கூட்டலாம். மிட்வேல் அதற்காகவே புது ஷாப் கட்டி, ஒவ்வொரு மெஷினுக்கும் துருப்பிடிக்காமலிருக்க சோடா கலந்த தண்ணீர்க் குழாய் போட்டது. இன்று எந்த லேத்திலும் பால்போல ஒழுகும் கூலண்ட்டின் மூதாதை அது.

பெரிய பதில் பெத்லகேம் ஸ்டீலில் வந்தது. டூலை செர்ரிப்பழச் சிவப்புக்கு மேல் காய்ச்சினால் கெட்டது என்பது கொல்லர்களின் உறுதியான நம்பிக்கை. டெய்லரும் மான்செல் ஒயிட்டும் 1898 வாக்கில் அதை மீறிப் பார்த்தார்கள். கொஞ்சம் மீறினால் கொல்லர் சொன்னது சரி, டூல் கெடுகிறது. இன்னும் மீறி, உருகும் நிலைக்குப் பக்கத்தில் கொண்டுபோனால், டங்ஸ்டனும் குரோமியமும் கலந்த எஃகு முன்பைவிட மேலானதாகிவிடுகிறது. 600 டிகிரி வரை தன் கடினத்தை விடாது. 1900இல் பாரிஸ் கண்காட்சியில் இதைக் காட்டினார்கள். டூலின் மூக்கு செக்கச் சிவந்திருக்க, நீலச் சுருள்கள் கொட்டின. ஹை ஸ்பீடு ஸ்டீல், நம் கடைகளில் எச்.எஸ்.எஸ்., இதுதான். அந்த வருஷம் தவளக்குப்பம் பிரெஞ்சு இந்தியா. பாரிஸ்தான் அதன் தலைநகர்.

டூல் காப்புரிமையும் நிலைக்கவில்லை, 1909இல் அமெரிக்க நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஆனால் டெய்லர் விட்டுப்போனது அதைவிடப் பெரியது. வேகத்துக்கும் டூலின் ஆயுளுக்கும் உள்ள உறவை ஒரு சூத்திரமாக்கினார்: வேகத்தை, ஆயுளின் ஒரு சிறு அடுக்கால் பெருக்கினால் மாறிலி வரும். எச்.எஸ்.எஸ்.ஸுக்கு அந்த அடுக்கு சுமார் எட்டில் ஒன்று. அதன் அர்த்தம் கொடூரமானது. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் ஆயுள் பாதியாகாது, 256இல் ஒரு பங்காகிவிடும்.

மொத்தம் பன்னிரண்டு மாறிகளை அவர் பிரித்தெடுத்தார். பன்னிரண்டையும் ஒரு மெஷினிஸ்ட் மனதில் வைத்துத் தீர்க்க முடியாது என்பது அவர் வாதம். அதற்கு அவரிடம் வேலை பார்த்த கார்ல் பார்த் ஒரு ஸ்லைடு ரூல் செய்தார். நகர்த்தினால் அரை நிமிஷத்தில் விடை. அந்த ஸ்லைடு ரூல் மெஷினிஸ்டிடம் தரப்படவில்லை. பிளானிங் டிபார்ட்மென்டில் இருந்தது. மெஷினிஸ்டுக்கு வந்தது ஒரு சீட்டு: இந்த வேகம், இந்த ஃபீடு, இவ்வளவு நேரம். தொழிலாளியின் தலையில் சிதறிக் கிடக்கும் அறிவைத் திரட்டி நிர்வாகத்தின் கைக்கு மாற்றுவது தன் நோக்கங்களில் ஒன்று என்று டெய்லர் வெளிப்படையாகவே எழுதினார். 1911இல் வாட்டர்டவுன் ஆயுதசாலையில் வார்ப்புத் தொழிலாளர்கள் ஸ்டாப்வாட்சைப் பார்த்து வெளிநடப்புச் செய்ய, அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணை வைத்தது.

டெய்லரைத் திட்டுவது சுலபம். ஆனால் 26 வருஷம் சிப்பை எண்ணிய பொறுமையை என்னால் மதிக்காமல் இருக்க முடியவில்லை. அவர் கண்டுபிடித்தது உண்மை. அதை யாருக்குக் கொடுத்தார் என்பதுதான் தகராறு.

*

கார்பைடு வந்தது வெட்டுவதற்காக அல்ல, பல்புக்காக. பெர்லினின் ஓஸ்ராம் கம்பெனிக்கு டங்ஸ்டன் இழை இழுக்க அச்சுகள் தேவை. மயிரைவிட மெல்லிய கம்பியை வைரத்தின் ஓட்டை வழியாக இழுத்தார்கள். வைரம் விலை ஜாஸ்தி. டங்ஸ்டன் கார்பைடு என்ற கடினமான சேர்மத்தை பிரெஞ்சு வேதியியலாளர் ஹென்றி முவாசான் 1890களில் மின்வில் உலையில் செய்திருந்தார். ஆனால் அது பிஸ்கட் மாதிரி நொறுங்கும். 1923இல் கார்ல் ஷ்ரோட்டர் ஒரு வழி சொன்னார். கார்பைடை மாவாக அரைத்து, சுமார் பத்து சதவீதம் கோபால்ட் போன்ற உலோகத்தைக் கலந்து, அழுத்தி, சூளையில் சுட வேண்டும். கோபால்ட் இளகிக் கார்பைடுத் துகள்களைச் சிமென்ட் மாதிரிப் பிடித்துக்கொள்ளும். க்ரூப் நிறுவனம் உரிமையை வாங்கி 1927 லைப்சிக் சந்தையில் காட்டியது. வைத்த பெயர் விடியா. ஜெர்மன் மொழியில் ‘வைரம் மாதிரி’ என்பதன் சுருக்கம்.

முதலில் வந்த கார்பைடு வார்ப்பிரும்பை வெண்ணெயாக வெட்டியது, எஃகிடம் தோற்றது. சூடான எஃகுச் சிப் டூலின் மேல் உரசி ஓடும்போது கார்பைடையே கரைத்துக் குழி பறித்துவிடும். டைட்டானியம், டான்டலம் கார்பைடுகளைச் சேர்த்த பிறகுதான் எஃகு வசப்பட்டது. ஆயிரம் டிகிரிக்குப் பக்கத்திலும் கடினம் குறையாத கருவி. டெய்லர் அடுக்கு இங்கே சுமார் கால். வேகத்தை இரட்டித்தால் ஆயுள் 256இல் ஒரு பங்கு இல்லை, 16இல் ஒரு பங்கு. அந்த மன்னிப்பில்தான் பிறகு வந்த தொழிற்சாலைகள் எல்லாம் ஓடுகின்றன. 1969இல் சுவீடனின் சாண்ட்விக் கார்பைடின் மேல் சில மைக்ரான் பூச்சு போட்டு விற்றது. இன்றைய டைட்டானியம்-அலுமினியம் நைட்ரைடு பூச்சு இன்னும் கெட்டிக்காரத்தனமானது. சூடானால் அதன் மேற்பரப்பில் அலுமினியம் ஆக்ஸைடு படிந்து, உள்ளே வெப்பம் இறங்காமல் தடுக்கிறது.

நம் ஊருக்கு இது மெதுவாகத்தான் வந்தது. சென்னையின் அடிசன் எச்.எஸ்.எஸ். ட்ரில்களும் கட்டர்களும் செய்துகொண்டிருந்தது. 1964இல் பெங்களூரில் விடியாவின் இந்தியக் கம்பெனி தொடங்கியது. ரொம்ப நாள் வரை சின்ன ஷாப்புகளுக்குக் கார்பைடு என்றால் இரும்புத் தண்டின் நுனியில் பற்றவைத்த ஒரு சின்ன டிப்தான். வைரம் பதித்த கம்பியின் அதே யோசனை. முழுக்கக் கார்பைடிலேயே செய்த எண்ட்மில்லை சகஜமாகப் பார்ப்பது சி.என்.சி. மெஷின்கள் பெருகிய பிறகுதான்.

*

1931இல் க்ரூப்பில் வேலை பார்த்த கார்ல் சாலமன் ஒரு காப்புரிமை எடுத்தார். வேகம் கூடினால் வெப்பம் கூடும், சரி. ஆனால் ஒரு உச்சத்துக்குப் பிறகு, இன்னும் வேகம் கூட்டினால் வெப்பம் குறையும் என்றார். அந்தப் பள்ளத்தாக்கைத் தாண்டிக் குதித்துவிட்டால் அந்தப் பக்கம் சொர்க்கம். பிறகு அளந்து பார்த்தவர்களுக்கு எஃகில் அப்படி ஒரு சொர்க்கம் தட்டுப்படவில்லை. ஆனாலும் அந்த வளைகோடு ஒரு தலைமுறை ஆராய்ச்சியாளர்களைத் துரத்தியது. வெப்பம் குறைவதில்லை, ஆனால் அதன் பங்கீடு மாறுகிறது. வேகம் கூடும்போது ஜாப்புக்குள்ளும் டூலுக்குள்ளும் பரவ நேரமில்லாமல், பெரும்பகுதி வெப்பம் சிப்போடு வெளியே பறந்துவிடுகிறது. தவளக்குப்பம் ஷாப்பில் கொட்டுகிற நீலச் சிப்பின் அர்த்தம் அதுதான். சிப் நீலமாகிறது என்றால் வெப்பம் போக வேண்டிய இடத்துக்குப் போகிறது.

இதைக் கணக்காகப் பார்க்கலாம். பத்து மில்லிமீட்டர் விட்டமும் நாலு பல்லும் உள்ள கார்பைடு எண்ட்மில். பழைய முறையில் பத்து மில்லி அகலத்துக்கு நேராகக் காடி வெட்டினால் ஒவ்வொரு பல்லும் பாதிச் சுற்று முழுக்க உலோகத்துக்குள் இருக்கிறது. வேகம் நிமிஷத்துக்கு 100 மீட்டருக்கு மேல் போனால் பல் கருகும். அது ஸ்பிண்டிலுக்கு சுமார் 3,180 சுற்று. ஆழம் ஐந்து மில்லி, ஒரு பல்லுக்கு 0.05 மில்லி என்று வைத்தால் நிமிஷத்துக்குச் சுமார் 32 கன சென்டிமீட்டர் எஃகு போகும்.

இப்போது அகலத்தை ஒரே ஒரு மில்லியாகக் குறைத்து, ஆழத்தை 20 மில்லியாக்குங்கள். பல் உலோகத்துக்குள் இருப்பது 37 டிகிரிதான், சுற்றில் பத்தில் ஒரு பங்கு. வேகத்தை 200 மீட்டராக்கலாம், 6,366 சுற்று. அப்போது ஒரு சுற்றுக்கு ஒன்பதரை மில்லிசெகண்ட் ஆகும். அதில் ஒரு மில்லிசெகண்ட் வெட்டு, மீதி எட்டரை மில்லிசெகண்ட் காற்றில் ஆறும் ஓய்வு. பக்கவாட்டில் மெல்லிசாக வெட்டுவதால் சிப்பும் தானாக மெலிந்து, நினைத்த தடிமனில் அறுபது சதவீதம்தான் இருக்கும். அதை ஈடுகட்ட ஒரு பல்லுக்கு 0.083 மில்லி கொடுக்கலாம். ஃபீடு நிமிஷத்துக்கு இரண்டு மீட்டரைத் தாண்டும், போகும் எஃகு 42 கன சென்டிமீட்டர். மெல்லிசாக வெட்டியும் அதிகம் வெட்டுகிறோம். டூலின் நுனி மட்டும் தேயாமல் முழு நீளமும் வேலை செய்கிறது. இன்னொரு தலைகீழ்: டெய்லரின் தண்ணீர் இங்கே எதிரி. சூடாகி உடனே குளிர்ந்து, மறுபடி சூடாகும் கார்பைடில் மயிரிழை விரிசல் விழும். அதனால் எஃகை இப்படி வெட்டும்போது பலரும் கூலண்ட்டை மூடிவிட்டு, சிப்பை விரட்டக் காற்றை மட்டும் ஊதுகிறார்கள்.

இதெல்லாம் நேர்கோட்டில் சரி. உள்மூலையில்தான் வம்பு. சதுரக் குழியின் மூலைக்குள் எண்ட்மில் நுழைந்தவுடன் 37 டிகிரி தொடர்பு 127 டிகிரி வரை எகிறும். ஓய்வு போச்சு, விசை எகிறும், ‘டிக்’ என்று ஒரு சத்தம், டூல் இரண்டு துண்டு. கையால் மெஷின் ஓட்டிய காலத்தில் மூலை வந்தால் ஆபரேட்டர் ஃபீடைக் குறைப்பார். சி.என்.சி.யில் புரோகிராம் அதே வேகத்தில் போய் மோதும்.

தீர்வு மென்பொருளில் வந்தது, 2000களில். லிவர்பூலில் ஃப்ரீஸ்டீல் என்ற பெயரில் வேலை செய்த ஜூலியன் டாட், மார்ட்டின் டன்ஷன் இருவரும் எழுதிய அடாப்டிவ் கிளியரிங் அதில் ஒன்று. அமெரிக்காவின் சர்ஃப்வேர் செய்த ட்ரூமில் இன்னொன்று. குழியின் வடிவத்தைப் பின்தொடர்ந்து பாதை போடாமல், பல்லின் தொடர்புக் கோணம் மாறாதபடி பாதை போடு என்பதுதான் சாரம். மூலையில் டூல் நேராக நுழையாது. சுழன்று சுழன்று, கொஞ்சம் கொஞ்சமாக நக்கி எடுக்கும். திரையில் பார்த்தால் கோலம் மாதிரி இருக்கும். ஃப்ரீகேட் என்ற கட்டற்ற மென்பொருளில் 2019 வெளியீட்டிலிருந்து இப்படி ஒன்று இருக்கிறது. அந்த மூலநிரலை ஒரு வார இறுதியில் உட்கார்ந்து படித்தேன். ஒரு சின்ன அடி எடுத்து வை, இந்தத் திசையில் போனால் எவ்வளவு பரப்பு வெட்டுப்படும் என்று கணக்கிடு, அதிகமென்றால் திசையை வெளியே திருப்பு, குறைவென்றால் உள்ளே திருப்பு, மறுபடி. மூலை வந்தால் தயங்கும் ஆபரேட்டரின் கை அங்கே ஒரு லூப்பாக ஓடுகிறது. பார்த்தின் ஸ்லைடு ரூல் பிளானிங் அறைக்குள் பூட்டியிருந்தது. இதை யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம், திருத்தலாம். நூறு வருஷத்தில் நடந்த மாற்றங்களில் எனக்குப் பிடித்தது இது.

*

ஆனால் நிரலுக்குள் முழுசாக அடங்காத ஒன்று இருக்கிறது. ஷாப்காரர்கள் ‘சாட்டர்’ என்பார்கள். டூல் அதிர்ந்து, ஜாப்பின் மேல் மீன் செதில் மாதிரி கோடு விழும். டெய்லரின் பன்னிரண்டு மாறிகளில் அதுவும் ஒன்று. ஆனால் மெஷினிஸ்ட் எதிர்கொள்ளும் சிக்கல்களிலேயே மிகவும் பிடிபடாதது இதுதான் என்று அவரே ஒப்புக்கொண்டார். 1950களில் செக் நாட்டு இன்ஜினியர் யிர்ஜி த்லுஸ்தியும், இங்கிலாந்தில் டோபியாஸும் அதற்குக் காரணம் சொன்னார்கள். ஒரு பல் விட்டுப்போன அலையை அடுத்த பல் வெட்டுகிறது. இரண்டு அலையும் ஒத்துப்போனால் சிப்பின் தடிமன் சீராக இருக்கும், வெட்டு அமைதி. ஒத்துப்போகாவிட்டால் அதிர்வு தன்னைத் தானே வளர்க்கும். இதிலிருந்து வருவது ஒரு விநோதமான முடிவு: சாட்டர் வந்தால் எப்போதும் வேகத்தைக் குறைப்பது தீர்வல்ல, சிலசமயம் கூட்ட வேண்டும். எந்த வேகங்களில் அமைதி என்பது அந்த மெஷின், அந்த ஹோல்டர், அந்த டூல் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. சுத்தியலால் தட்டி, சென்சார் வைத்து அளக்கலாம். தவளக்குப்பத்தில் யார் அளப்பது?

அங்கே இருக்கும் ஆபரேட்டர் பாகூர் பக்கத்துக்காரர். ஐ.டி.ஐ. படித்தவர், லேத்தில் ஆரம்பித்து இருபத்தைந்து வருஷ அனுபவம். 6,366 சுற்றில் நாலு பல் என்றால் செகண்டுக்கு 424 தட்டல். மனிதக் காது நன்றாகக் கேட்கும் எல்லைக்குள், ஆர்மோனியத்தில் வாசிக்கக்கூடிய ஒரு சுருதி. சாட்டர் வந்தால் அதோடு ஒட்டாத இன்னொரு சுருதி கிளம்பும்.

“தம்பி, ரெண்டு சத்தம் கேக்குதா?” என்றார்.

“ஒண்ணுதான் கேக்குதுண்ணா.”

“நல்லாக் கேளுங்க. அடில ஒண்ணு முனகுது.”

பேனலில் ஓவர்ரைடு குமிழைத் திருப்பி ஸ்பிண்டிலை ஐந்து சதவீதம் ஏற்றினார். முனகல் நின்றது. நின்ற பிறகுதான் அது இருந்தது எனக்குத் தெரிந்தது.

*

பிப்ரவரி 2025இல் சீனா டங்ஸ்டன் பொருட்களுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. உலகத்தில் தோண்டி எடுக்கும் டங்ஸ்டனில் சுமார் எண்பது சதவீதம் அங்கிருந்துதான். ராஜஸ்தானின் தேகானாவில் முதல் உலகப்போர்க் காலத்திலேயே டங்ஸ்டன் தோண்டினார்கள். மலிவான சீனத் தாதுவோடு போட்டி போட முடியாமல் அது எப்போதோ மூடிக் கிடக்கிறது. கட்டுப்பாட்டுக்குப் பிறகு எண்ட்மில் விலை ஏறியது. ஷாப்பில் உடைந்த கார்பைடுத் துண்டுகள் முன்பெல்லாம் ஸ்கிராப்போடு போகும். இப்போது தனி டப்பா, மூடியோடு.

டூல் விலை ஏறினால் சரியான வேகமும் மாறும். மிக வேகமாக வெட்டுவது வேறு, மலிவாக வெட்டுவது வேறு. இது டெய்லரின் சூத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. 200 மீட்டரை 160 ஆகக் குறைத்தால், கால் என்ற அடுக்கின்படி, ஆயுள் கிட்டத்தட்ட இரண்டரை மடங்காகும். 160 மீட்டர் என்றால் பத்து மில்லி எண்ட்மில்லுக்கு சுமார் 5,090 சுற்று. இதை நான் வீட்டில் கணக்குப் போட்டு, நண்பனிடம் சொல்லலாம் என்று போனேன். புரோகிராம் ஏற்கெனவே எஸ் 5100 என்று மாறியிருந்தது. ஆபரேட்டர் மாற்றியிருக்கிறார். ஒரு டூலுக்கு எத்தனை ஜாப் வருகிறது என்று சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு எண்ணி, ஒரு வாரம் இறக்கி இறக்கிப் பார்த்தாராம். ஏன் இன்னும் குறைக்கவில்லை என்று கேட்டேன். 4,800க்கு வந்தால் அந்த மெஷின் முனகுகிறது என்றார்.